லாரி ஓட்டுநரின் உறக்கத்திற்கு யார் பொறுப்பு?

உழைப்பவருக்கு நியாயமான கூலி எவ்வளவு என்பதை யார் முடிவு செய்வது? வேலை கொடுப்பவரா, வேலை செய்பவரா, சந்தையா, அரசா? தொழிற்சாலைகள் தோன்றிய காலம் முதல் மனித சமுதாயம் கேட்டு வரும் கேள்வி இது. ஆஸ்திரேலியா இதற்குத் தனக்கென ஒரு வழியைக் கண்டது. இருதரப்பையும் ஒரு நடுவர் மன்றத்தின்முன் அமரவைத்து, கணக்குகளையும் சாட்சியங்களையும் கேட்டு, கூலியையும் வேலை நிபந்தனைகளையும் தீர்ப்பாக எழுதித் தருவதே அந்த வழி.

அந்த நாட்டின் லாரி ஓட்டுநர்களுக்கென 2012ஆம் ஆண்டு ஒரு தனித் தீர்ப்பாயம் அமைக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு அது கலைக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு அதே பணி வேறு வடிவத்தில் மீண்டும் சட்டமாகியுள்ளது. ஒரே நாடு, ஒரே தொழில். பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இத்தனை திருப்பங்கள். இது ஏதோ தொலைதூர நாட்டின் தொழிற்சங்க விவகாரம் என்று நாம் கடந்து போய்விடலாம். ஆனால் இதற்குள் இருப்பது உயிரும் உணவும் சம்பந்தப்பட்ட நீதியின் கேள்வி. எனவே சற்று நின்று சிந்திப்போம்.

கிலோமீட்டருக்குக் கூலி

சிட்னி நகரிலிருந்து மெல்பர்ன் நகருக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 870 கிலோமீட்டர். சரக்கு லாரி ஒன்று இத்தூரத்தைக் கடக்கப் பத்து மணி நேரத்திற்கும் மேலாகும். ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 2014ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள கனரக வாகனச் சட்டத்தின் பொதுவிதிப்படி, தனியாக வண்டி ஓட்டும் ஒருவர் 24 மணி நேரத்தில் 12 மணி நேரத்திற்குமேல் வேலை செய்யக் கூடாது. தொடர்ந்து 7 மணி நேரமாவது வண்டியை நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும். வண்டி ஓட்டுவது மட்டுமல்ல, சரக்கு ஏற்றுவதும் இறக்குவதும்கூட இந்த 12 மணி நேரக் கணக்கில் சேரும். இவற்றையெல்லாம் ஓட்டுநர் தம் வேலைக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் நடப்பதைப் பார்ப்போம். ஓட்டுநர் சிட்னியில் சரக்கு ஏற்றக் கிடங்கு வாசலுக்கு வருகிறார். அங்கே வரிசை நிற்கிறது. மூன்று மணி நேரம் காத்திருக்கிறார். அவருக்குக் கூலி ஓடிய கிலோமீட்டருக்கு அல்லது கொண்டு சேர்த்த லோடுக்கு மட்டுமே என்றால், இந்த மூன்று மணி நேரத்திற்கு வருமானம் இல்லை. அதை உண்மையாகக் குறிப்பேட்டில் வேலை நேரம் என்று எழுதினால், அன்றைய 12 மணி நேரத்தில் 9 மணி நேரமே மீதி. அதற்குள் மெல்பர்ன் போய்ச் சேர முடியாது. மறுநாள் காலை சரக்கு வந்தாக வேண்டும் என்பது வாங்குபவரின் கட்டளை. தாமதமானால் அடுத்த லோடு வேறொருவருக்குப் போய்விடலாம்.

இந்த இக்கட்டில் ஒருவருக்கு எழும் சோதனை என்ன? காத்திருந்த நேரத்தை 'ஓய்வு' என்று எழுதிவிட்டு இரவெல்லாம் ஓட்டுவது. தூக்கத்தை விரட்ட மாத்திரை விழுங்குவது. வேகத்தைக் கூட்டுவது. டயர் மாற்றுவதை அடுத்த மாதத்திற்குத் தள்ளுவது. இவர் பொறுப்பற்றவர் என்று தீர்ப்பிடுவது எளிது. ஆனால் நேரத்திற்குச் சட்டம் வைத்துவிட்டு, கூலியைச் சந்தையின் கையில் விட்டால், சட்டம் ஒரு பக்கம் இழுக்கும், வயிறு மறுபக்கம் இழுக்கும். இழுபறியில் தோற்பது பெரும்பாலும் தூக்கமே. அந்தத் தூக்கமின்மையின் விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை. எதிரே காரில் வரும் குடும்பமும் கொடுக்கிறது.

அந்த வண்டி ஓட்டுநருக்கே சொந்தமானது என்றால் பாரம் இன்னும் கூடுகிறது. ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கானோர் இப்படிச் சொந்த லாரி வைத்து, தாங்களே ஓட்டுகிறார்கள். வண்டிக் கடனுக்கு மாதத் தவணை, டீசல், காப்பீடு, பழுது எல்லாம் அவர்கள் செலவு. பலர் வீட்டையே அடமானம் வைத்து வண்டி வாங்கியவர்கள். சட்டத்தின் பார்வையில் இவர்கள் தொழிலாளர் அல்லர், சிறு தொழில்முனைவோர். ஆனால் பேரம் பேசும் இடத்தில் இவர்களுக்கு எதிரே இருப்பது நாடு முழுவதும் கடைகளைக் கொண்ட பெரும் வணிக நிறுவனங்கள்.

நடுவர் மன்றம் பிறந்த கதை

1890ஆம் ஆண்டு ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. 1891ஆம் ஆண்டு செம்மறியாட்டு மயிர் கத்தரிப்போர் வேலைநிறுத்தம் செய்தனர். இரண்டிலும் தொழிலாளர்கள் தோற்றார்கள். நாடே கலங்கியது. அதே 1891ஆம் ஆண்டு மே மாதத்தில் திருத்தந்தை 13ம் லியோ, 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். சிட்னிப் பேராயராக இருந்த கர்தினால் பேட்ரிக் மோரன், அதன் போதனைகளை ஆஸ்திரேலிய மக்களுக்கு எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர்.

அச்சுற்றுமடலில் நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடைய இரு கருத்துக்கள் உள்ளன. முதலாவது, முதலாளியும் தொழிலாளியும் மனம் ஒத்துக் கூலி பேசிக்கொண்டால் மட்டும் அது நீதியாகிவிடாது. வறுமைக்கு அஞ்சி வேறு வழியின்றி ஒருவர் குறைந்த கூலிக்கு இசைந்தால், அது வன்முறைக்கு உட்பட்டது போன்றதே என்று திருத்தந்தை கற்பித்தார். இரண்டாவது கருத்து அதிகம் பேசப்படாதது. வேலை நேரம் போன்றவை தொழிலுக்குத் தொழில், இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறுபடுவதால், அரசு அளவுக்கு மீறித் தலையிடாமல், அவற்றைத் தீர்க்கச் சங்கங்களையோ குழுக்களையோ நாடுவது நல்லது. தேவைப்படும்போது அரசு அவற்றிற்கு ஆதரவும் பாதுகாப்பும் தர வேண்டும் என்றார் அவர்.

ஆஸ்திரேலியா 1904ஆம் ஆண்டு அமைத்த சமரச, நடுவர் நீதிமன்றம் இந்த எண்ணத்திற்கு அருகில் நிற்கிறது. 1907ஆம் ஆண்டு அதன் தலைவர் நீதிபதி ஹிக்கின்ஸ், மெல்பர்ன் அருகே அறுவடை இயந்திரம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் வழக்கில் வழங்கிய தீர்ப்பு வரலாற்றுச் சிறப்பு மிக்கது. நிறுவனம் எவ்வளவு தர முடியும் என்று அவர் தொடங்கவில்லை. நாகரிகச் சமுதாயத்தில் மனிதராக வாழும் ஒருவரின் இயல்பான தேவைகள் என்ன என்று தொடங்கினார். வீட்டுச் செலவுக் கணக்குகள் மன்றத்தில் சாட்சியமாயின. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ள, தனித்திறன் பயிற்சியில்லாத ஒரு தொழிலாளிக்கு வாரம் 42 ஷில்லிங் என்று அவர் நிர்ணயித்தார். ஹிக்கின்ஸ் கத்தோலிக்கர் அல்லர். எனினும் குடும்பத்தின் வாழ்வை அளவுகோலாகக் கொண்டதில் அவரது சிந்தனையும் சுற்றுமடலின் போதனையும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன.

இந்த முறையிலும் குறைகள் இருந்தன. ஆணே குடும்பத்தைக் காப்பவர் என்று எண்ணியதால், பெண்களுக்குப் பல பத்தாண்டுகள் குறைந்த கூலியே கிடைத்தது. மேலும், பிறரிடம் வேலை செய்பவரையே இந்த நடுவர் முறை மனத்தில் கொண்டிருந்தது. சொந்த லாரி வைத்து ஓட்டுபவர் பெரும்பாலும் அதன் வேலிக்கு வெளியே நின்றார்.

மலைச்சாலையில் நின்ற லாரிகள்

1979ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சிட்னிக்குத் தென்மேற்கே ரேசர்பேக் என்ற மலைச்சாலையில் சொந்த வண்டி ஓட்டுநர்கள் சிலர் தங்கள் லாரிகளைக் குறுக்கே நிறுத்தினர். சாலை வரியும், கட்டுப்படியாகாத சரக்குக் கட்டணமும் அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. மறியல் பிற மாநிலங்களுக்கும் பரவி ஒரு வாரத்திற்கு மேல் நீடித்தது. வரி நீங்கியது. கட்டணக் கேள்வி நீங்கவில்லை.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அப்போதிருந்தே ஒரு துணிவான முயற்சியைச் செய்து வருகிறது. சொந்த வண்டி ஓட்டுநர்களின் ஒப்பந்தங்களிலும் குறைந்தபட்சக் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை அது தன் தொழில் மன்றத்திற்குக் கொடுத்தது. விக்டோரியா 2005ஆம் ஆண்டும், மேற்கு ஆஸ்திரேலியா 2007ஆம் ஆண்டும் இவர்களுக்கென்று தனிச் சட்டங்கள் இயற்றின.

இதனிடையே ஆய்வுகளும் பேசத் தொடங்கின. தொலைதூர லாரிகளின் பாதுகாப்பு பற்றி, பேராசிரியர் மைக்கேல் குயின்லன் தலைமையில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நடந்த விசாரணையின் அறிக்கை 2001ஆம் ஆண்டு வெளியானது. கூலி கொடுக்கும் முறைக்கும் விபத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை அது எடுத்துக்காட்டியது. 2006ஆம் ஆண்டு அம்மாநிலத் தொழில் மன்றமும் சாட்சியங்களைக் கேட்டு அதே முடிவுக்கு வந்தது. 2008ஆம் ஆண்டு தேசியப் போக்குவரத்து ஆணையத்திற்காகத் தயாரிக்கப்பட்ட அறிக்கை, பாதுகாப்பான கூலிக்கு நாடு தழுவிய ஏற்பாடு தேவை என்றது. அமெரிக்காவில் ஜே.பி. ஹன்ட் என்ற பெரிய லாரி நிறுவனம் 1997ஆம் ஆண்டு ஓட்டுநர் கூலியை மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உயர்த்தியபின் விபத்துக்கள் குறைந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

எழுந்ததும் விழுந்ததும்

2012ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், 'சாலைப் பாதுகாப்பு ஊதியத் தீர்ப்பாயம்' நாடு முழுவதற்குமாகச் செயல்படத் தொடங்கியது. 2014ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த அதன் முதல் ஆணை, எழுத்தில் ஒப்பந்தம், பாதுகாப்பான பயணத் திட்டம், 30 நாள்களுக்குள் பணப்பட்டுவாடா ஆகியவற்றை வலியுறுத்தியது. ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயும்முன் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுவதை நாம் அறிவோம். டீசலுக்கு இன்றே பணம் கட்டிவிட்டு, கூலிக்கு மாதக்கணக்கில் காத்திருப்பவரின் நிலையை அறிந்தவர்களுக்கு, இந்தப் பழைய கட்டளையின் கூர்மை புரியும்.

இரண்டாவது ஆணை 2015ஆம் ஆண்டு டிசம்பரில் பிறப்பிக்கப்பட்டது. பல்பொருள் அங்காடிகளுக்குச் சரக்குக் கொண்டு செல்லும், மற்றும் தொலைதூரம் ஓடும் ஒப்பந்த ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்சக் கட்டணத்தை அது நிர்ணயித்தது. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 4 அன்று தொடங்க வேண்டும் என்றது. இங்கேதான் எதிர்பாராதது நடந்தது. யாருடைய நன்மைக்காக அந்த ஆணை எழுதப்பட்டதோ, அவர்களிலேயே பலர் கொதித்தெழுந்தனர். லாரிகள் அணியணியாகத் தலைநகர் கான்பராவை நோக்கி வந்தன. நீதிமன்றம் சில நாள்கள் இடைக்காலத் தடை விதித்து, பின் நீக்கியது. ஏப்ரல் 18 அன்று நாடாளுமன்றம் தீர்ப்பாயத்தையே கலைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஏப்ரல் 21 அன்று அது இல்லாமல் போனது. கட்டண ஆணை உயிரோடிருந்த காலம் ஏறத்தாழ இரண்டு வாரம்.

ஏன் இந்த எதிர்ப்பு? பெருவணிகர்களின் தூண்டுதல் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. ஓட்டுநர்களின் அச்சத்தில் நியாயம் இருந்தது. மெல்பர்னுக்கு முழு லோடோடு போகும் லாரி திரும்பும்போது அரை லோடோ, குறைந்த கட்டண லோடோ கிடைத்தாலும் டீசல் செலவுக்கு ஆகட்டும் என்று ஏற்றிக்கொள்வது வழக்கம். ரிட்டர்ன் லோடுக்கும் முழுக் கட்டணம் என்றால் யார் கொடுப்பார்கள்? ஒரே வண்டியில் நான்கு பேரின் சரக்கை ஏற்றும் கிராமப்புற ஓட்டுநருக்குக் கட்டணத்தை எப்படிப் பிரிப்பது? எல்லாவற்றிற்கும் மேலாக, அந்தக் கட்டணம் ஒப்பந்த ஓட்டுநர்களுக்கு மட்டுமே; சம்பள ஓட்டுநர்களை வைத்து நூற்றுக்கணக்கான வண்டிகள் ஓட்டும் பெரிய நிறுவனங்களுக்கு அல்ல. அப்படியானால் சரக்கு அனுப்புபவர் இனி சிறியவரை விட்டுவிட்டுப் பெரிய நிறுவனத்திடம் போய்விடுவாரே என்று சிறியவர்கள் பயந்தார்கள். அதிகக் கூலி என்று எழுதிய தாள் கையில் இருக்கும், லோடு மட்டும் இருக்காது. வண்டிக் கடனுக்காக வீடு அடமானத்தில் இருக்கும்போது இது வெறும் கற்பனைப் பயம் அல்ல.

மறுபுறம், தீர்ப்பாயம் கலைந்ததால் ஓட்டுநரின் இரவு சுருங்கிவிடவில்லை. கிடங்கு வாசலில் வரிசை அப்படியே நின்றது. காத்திருப்புக்குக் கூலியின்மை அப்படியே இருந்தது. நோய் அப்படியே இருக்க, மருந்து கசந்தது என்பதற்காக மருத்துவமனையையே மூடியது போன்ற செயல் அது.

சுமையை யார் தோளில் வைப்பது?

இந்தத் தோல்வியிலிருந்து நாம் கற்கும் பாடம் ஒன்று உண்டு. தீர்ப்பாயம் கூலியை நிர்ணயிப்பதில் தவறில்லை. அந்தக் கூலியைக் கொடுக்க வல்லவர் யாரோ அவரை அது கட்டவேண்டும். பலவீனமானவரின் விலையை மட்டும் உயர்த்திவிட்டு, வலியவர் வேறு கடைக்குப் போகும் கதவைத் திறந்து வைத்தால், பாதுகாப்பே பாரமாகிவிடும்.

திருத்தந்தை 2ம் ஜான் பால் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட 'லபோரெம் எக்செர்சென்ஸ்' சுற்றுமடலில் இதற்கான ஒளி இருக்கிறது. 'நேரடியாக வேலை கொடுப்பவர்' மட்டுமல்ல, 'மறைமுகமாக வேலை கொடுப்பவரும்' உண்டு என்று அவர் கற்பித்தார். தொழிலாளியுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாவிட்டாலும், அந்த ஒப்பந்தம் எப்படி அமையும் என்பதைத் தீர்மானிக்கும் ஆள்கள், அமைப்புகள், கொள்கைகள் யாவும் மறைமுக வேலைகொடுப்பவரே. அவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்பது அவர் போதனை. பல்பொருள் அங்காடிக்கும் ஓட்டுநருக்கும் இடையே இரண்டு மூன்று ஒப்பந்ததாரர்கள் இருக்கலாம். ஆனால் சரக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும், எவ்வளவு விலைக்கு வர வேண்டும் என்று மேலே இருப்பவர் சொல்லும்போதே, கீழே இருப்பவர் எத்தனை மணி நேரம் தூங்குவார் என்பது முடிவாகிவிடுகிறது.

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஆஸ்திரேலிய மேலவைக் குழு ஒன்று, இத்துறைக்குத் தரங்களை வகுக்கத் தற்சார்புடைய ஓர் அமைப்பு தேவை என்று பரிந்துரைத்தது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிறைவேறிய சட்டம், அந்த அதிகாரத்தை 'ஃபேர் வொர்க்' ஆணையம் என்ற தேசியத் தொழில் தீர்ப்பாயத்திடம் ஒப்படைத்தது. சாலைப் போக்குவரத்துக்கான பகுதி அவ்வாண்டு ஆகஸ்ட் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய தவறுகளின் நினைவு இச்சட்டத்தில் தெரிகிறது. ஆணை பிறப்பிக்கும்முன் அறிவிப்பு கொடுத்துத் துறையினரைக் கலந்தாலோசிக்க வேண்டும். துறையைச் சேர்ந்தவர்களின் ஆலோசனைக் குழு உண்டு. தொழில் செய்வோருக்குத் தகாத பாதிப்பு வராமல் பார்க்க வேண்டும். முக்கியமாக, சரக்கின் ஒப்பந்தச் சங்கிலி முழுவதையும், அதன் மேல்முனையில் இருப்பவரையும் உட்படுத்தும் ஆணைகளைப் பிறப்பிக்க இடம் தரப்பட்டுள்ளது. இம்முறை தொழிற்சங்கத்தோடு லாரி உரிமையாளர் அமைப்புகள் சிலவும் ஆதரவு தெரிவித்தன என்பது நம்பிக்கை தருகிறது.

ஆயினும் எல்லைகள் உள்ளன. ஒப்பந்த ஓட்டுநர்களுக்கான ஆணைகளில் மிகைநேரக் கூலியும் பணிநேர அட்டவணையும் இடம்பெற முடியாது. வேலை நேரத்தின் உச்சவரம்பு போக்குவரத்துச் சட்டத்தின் கையிலும், கூலி தீர்ப்பாயத்தின் கையிலும் பிரிந்தே நிற்கின்றன. ஓட்டுநரின் உடல் ஒன்றுதான். அவருக்கு நேரமும் கூலியும் தனித்தனி அல்ல. காத்திருக்கும் நேரத்திற்கு உரிய கூலி கிடைக்கும்போதுதான் அவர் குறிப்பேட்டில் உண்மையை எழுத முடியும். கிடங்குக்காரரும் வரிசையைக் குறைக்க வழி தேடுவார், ஏனெனில் அப்போது தாமதத்தின் செலவு அவரையும் சேரும். நீதியான கூலி என்பது இரக்கத்தால் தரும் கொடை அன்று. அது சாலையில் போகும் எல்லாருக்குமான பாதுகாப்பு.

நம் பங்கு

2025ஆம் ஆண்டு மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் திருத்தந்தை, 14ம் லியோ என்ற பெயரைத் தேர்ந்துகொண்டதற்கான காரணத்தை விளக்கியபோது, 13ம் லியோவையும் அவரது 'ரேரும் நோவாரும்' மடலையும் நினைவுகூர்ந்தார். உழைப்பின் மாண்பு 1891ஆம் ஆண்டோடு முடிந்துபோன தலைப்பு அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மறைமுக வேலைகொடுப்பவர் பட்டியலில் நாமும் இருக்கிறோம். மிகக் குறைந்த விலையில், மிக விரைவாக, வீட்டு வாசலிலேயே எல்லாம் வேண்டும் என்று நாம் கேட்கும்போது, அந்த விரைவை யாரோ ஒருவர் தம் உறக்கத்திலிருந்து எடுத்துத் தருகிறார். அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துக்கொண்ட கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். இன்று அந்தக் குரல் நெடுஞ்சாலை ஓரத்திலிருந்தும் கேட்கலாம்.

பங்கில் கடை வைத்திருப்போர் சரக்கு இறக்க வரும் ஓட்டுநரைக் காக்க வைக்காமல் அனுப்பலாம். வாடகையை இழுத்தடிக்காமல் அன்றே கொடுக்கலாம். இரவு முழுவதும் ஓட்டி வந்தவரைச் சற்றுப் படுத்து எழுந்துபோகச் சொல்லி நிழலில் இடம் தரலாம். சட்டங்களும் தீர்ப்பாயங்களும் தேவை. அவை நல்லவையாக அமையக் குரல் கொடுப்பதும் நம் கடமை. ஆனால் எந்த மன்றத்தின் ஆணைக்கும் காத்திராமல் நாம் இன்றே செய்யக்கூடிய நீதியும் உண்டு. அதைத் தள்ளிப்போடாமல் செய்வோம்.